ஓர் அமைப்பு சமநிலையில் இருக்கிறதா என்று சோதிக்கும் முறை

அளவுகள் மாறாமல் நின்றுவிட்டாலே சமநிலை வந்துவிட்டதாக எழுதிவிடும் பழக்கம் மாணவர்களிடையே பரவலாக உண்டு. மாறாமை தேவையான நிபந்தனைதான். ஆனால் அது மட்டும் போதாது.

முதலில் அமைப்பின் எல்லையைப் பாருங்கள். ஒரு முனை தீச்சுடரிலும் மறுமுனை உருகும் பனிக்கட்டியிலும் இருக்கும் இரும்புக் கம்பியில், சிறிது நேரத்திற்குப் பின் எந்தப் புள்ளியிலும் வெப்பநிலை மாறுவதில்லை. எனினும் வெப்பம் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதால் அது சமநிலையன்று. கம்பியை எடுத்து, வெப்பம் புகாதபடி சுற்றி வைத்தால் அளவுகள் உடனே மாறத் தொடங்கும். ஆகவே எல்லை வழியே நடக்கும் வெப்பப் போக்குவரத்தை அடைத்த பிறகும் மாறாதிருப்பதையே கணக்கில் கொள்ள வேண்டும். அமைப்பு முழுவதும் வெப்பநிலை ஒன்றாக இருக்கிறதா, நகரக்கூடிய தடுப்பு இருந்தால் அதன் இருபுறமும் அழுத்தம் சமமா என்பவற்றையும் இத்துடன் பார்த்துவிடலாம்.

வேதிச் சமநிலைக்கு இன்னும் கடுமையான சோதனை தேவை. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு மூடிய கலன்களை 448 டிகிரி செல்சியஸில் வைத்து, ஒன்றில் ஹைட்ரஜன், அயோடின் இரண்டிலும் ஒவ்வொரு மோலும், மற்றதில் ஹைட்ரஜன் அயோடைடு மட்டும் 2 மோலும் இடுவதாகக் கொள்வோம். முதற்கலனில் அயோடினின் ஊதா நிறம் வெளிறும். நிறமற்றிருந்த இரண்டாவதில் ஊதா மெல்லத் தோன்றும். இறுதியில் இரண்டும் ஒரே சாயலில் வந்து நிற்கும். இவ்வெப்பநிலையில் சமநிலை மாறிலி (சமநிலையில், ஹைட்ரஜன் அயோடைடு அளவின் வர்க்கத்தை ஹைட்ரஜன், அயோடின் அளவுகளின் பெருக்கற்பலனால் வகுத்தால் வரும் எண்) ஏறத்தாழ 50 ஆதலால், இரண்டிலுமே ஹைட்ரஜன் அயோடைடு சுமார் 1.56 மோலும், மற்ற இரண்டும் தலா 0.22 மோலும் இருக்கும். இருதிசையிலிருந்தும் ஒரே இடத்தை அடைவதுதான் நம்பத்தக்க சான்று.

இரண்டு கலன்களுக்கு வசதியில்லையெனில் வினைக் குணகத்தை, அதாவது அதே வகுத்தலை இப்போதுள்ள அளவுகளைக் கொண்டு செய்தால் வரும் எண்ணை, கணக்கிடுங்கள். ஹைட்ரஜனும் அயோடினும் 0.5 மோல் வீதமும், ஹைட்ரஜன் அயோடைடு 1 மோலும் இருந்தால் குணகம் 4. அது 50ஐ விடக் குறைவு என்பதால் முன்னோக்கு வினை, அதாவது ஹைட்ரஜன் அயோடைடு உருவாகும் வினை, இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது. வெப்பநிலை மாறினால் மாறிலியும் மாறும் என்பதால், வேறு வெப்பநிலைக்குரிய மதிப்பை இங்கே எடுத்தாளக் கூடாது.

கடைசியாக, வினையின் மந்தத்தைச் சமநிலையாகக் கருதிவிடாதீர்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு அறை வெப்பநிலையில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆனால் பிளாட்டின வினையூக்கி பட்டதும் நீர் உருவாகத் தொடங்கும். உண்மையான சமநிலையில் வினையூக்கி எதையும் இடம்பெயர்க்காது, ஏனெனில் அது முன்னோக்கு, பின்னோக்கு வினைகளை ஒரே விகிதத்தில்தான் விரைவுபடுத்துகிறது.