படத்தில் உள்ள எழுத்தைத் தட்டச்சு செய்யவே வேண்டாம்

படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன்மேல் வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். புதிதாகத் திறக்கும் கோப்பில் மேலே படமும், அதன் கீழே திருத்தக்கூடிய எழுத்துகளும் வந்துவிடும். தமிழும் வரும்.

படத்தை டாக்ஸாக மாற்றும்போது, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரியை (OCR) கூகுள் ஓட்டுகிறது. அது எழுத்தின் வடிவத்தைப் பார்த்து, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடில் தருகிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால், ஒட்டிய இடத்தில் ஏதோ புரியாத ஆங்கில எழுத்துகளாக வரும், இல்லையா? அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பாக எடுத்து இதே வழியில் திறந்து பாருங்கள். வடிவத்தை மட்டும் பார்ப்பதால் உள்ளே எந்தக் குறியாக்கம் இருந்தாலும் கவலையில்லை.

படம் நேராக நிமிர்ந்து, 2 எம்பிக்குள் இருக்கட்டும். நிழல் விழுந்த, மங்கலான படம் என்றால் திருத்தவே நேரம் போய்விடும். கையெழுத்துக்கு இதை நம்ப வேண்டாம். அட்டவணையும் பத்திரிகைப் பத்திகளும் பெரும்பாலும் கலைந்துபோகும். ஒவ்வொரு பத்தியாக வெட்டி ஏற்றினால் கொஞ்சம் தேறும். அப்புறம், ன-ண, ர-ற, துணைக்கால் இவற்றை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அடையாள அட்டை, வங்கி ஆவணம் போன்றவற்றை இணையத்தில் ஏற்றாமல், கணினியிலேயே இயங்கும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். தமிழ்த் தரவுக் கோப்பையும் சேர்த்து நிறுவ வேண்டும்.