சாப்பிட வந்தவர் முகம் கோணாமல்: டெல்டா ஹோட்டல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் ஹோட்டல் நடத்துகிறவர்களுக்கு மத்தியானம் 12.30 மணி என்றால் என்ன என்று தெரியும். கோயில்களில் நடை சாத்துகிற நேரம் அது. நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பி வந்தவர்கள், சாயங்காலம் 4 மணிக்கு மறுபடி நடை திறக்கும்வரை வேறு எங்கும் போக முடியாது. ஆக, எல்லா வேனும் ஒரே நேரத்தில் கடை வாசலில் வந்து நிற்கும். வயசானவர்கள், பசியில் அழுகிற குழந்தைகள், அடுத்த கோயிலைக் கணக்குப் போட்டபடி அவசரப்படுத்துகிற டிரைவர். டெல்டாவில் வாடிக்கையாளருக்கும் சப்ளையருக்கும் வருகிற மனக்கசப்பில் பெரும்பகுதி இந்த மத்தியான நேரத்தில்தான் பிறக்கிறது. அதில் சமையலைப் பற்றிய கசப்பு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் வருவது.

முதலில் உட்காரும் இடம். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே இன்னொரு குடும்பம் நின்றுகொண்டு, எப்போது எழுந்திருப்பார் என்று அவர் இலையையே பார்த்துக்கொண்டிருப்பது நம் ஊர் ஹோட்டல்களில் சகஜமாகிவிட்டது. சாப்பிடுகிறவருக்கு ரசம் சாதம் தொண்டையில் இறங்காது. நிற்கிறவருக்கும் அது கௌரவமாக இல்லை. வாசலில் இரண்டு பெஞ்ச், ஒரு நோட்டு, அதில் வரிசையாகப் பெயர் எழுத ஒரு ஆள் இருந்தால் இந்த அவஸ்தையே இல்லை. "இன்னும் கால் மணி நேரம் ஆகுங்க, உக்காருங்க, நானே கூப்பிடுறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். ஒன்றுமே சொல்லாமல் கையை மட்டும் காட்டிவிட்டு உள்ளே போனால்தான் கோபம் வருகிறது.

அடுத்தது, தீர்ந்துபோனதை மறைப்பது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சாதம் வைத்த பிறகு "கூட்டு முடிஞ்சிருச்சு" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? எழுந்து போகவும் முடியாது. இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்கிற கும்பகோணத்துக் கடப்பாவுக்காகவே டிபனுக்கு வருகிறவர்கள் உண்டு. அவர் தட்டில் பேசாமல் சாம்பாரை ஊற்றிவிட்டு நகர்கிற சப்ளையர், அவர் மறுபடி வராதபடி செய்துவிட்டார் என்று அர்த்தம். "கடப்பா தீந்துபோச்சுங்க, சாம்பாரும் சட்னியும்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்று உட்காரும் முன்பே கேட்டால், பத்தில் எட்டுப் பேர் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. விரதம் இருப்பவர், வேண்டுதலில் இருப்பவர் "வெங்காயம், பூண்டு இல்லாம ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், விற்றால் போதும் என்று தலையாட்டுவது. திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை வருகிறவர்களில் இப்படிக் கேட்கிறவர்கள் நிறைய. இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். தயிர் சாதமும் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு போவார். அல்லது பக்கத்துக் கடைக்குப் போவார், போகட்டும். சைவமும் அசைவமும் ஒரே அடுக்களையில் செய்கிற கடையில் "தனிப் பாத்திரம்தாங்க" என்று பொய் சொல்வதும் இதே கணக்குதான்.

பில் விஷயத்துக்கு வருவோம். "சாப்பாடு" என்று மட்டும் போர்டில் எழுதியிருக்கும். அளவுச் சாப்பாடா, கேட்கக் கேட்க வைப்பதா என்று தெரியாது. இரண்டாம் தடவை சாதம் கேட்டதும் சப்ளையர் கல்லாவைப் பார்ப்பார், கல்லாவில் இருப்பவர் சப்ளையரை முறைப்பார். அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்ததற்கும் தயிருக்கும் பில்லில் தனியாக ஏறியிருக்கும். இதையெல்லாம் போர்டில் இரண்டு வரியில் எழுதிவிடலாம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விரும்பினால் வாடிக்கையாளர் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஜிஎஸ்டியிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்குள் இருந்து காம்போசிஷன் முறையில் (சின்ன வியாபாரிகள் மொத்த விற்பனையில் ஒரு சதவீதக் கணக்கில் வரி கட்டுகிற எளிய முறை) வரி கட்டுகிற கடை, வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது. சின்ன மெஸ் நடத்துகிற பலர் பில் மிஷினில் யாரோ போட்டுக் கொடுத்தபடி 5 சதவீதத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை பில்லில் அச்சிடுவது 2022 ஜனவரி முதல் கட்டாயம். நுகர்வோர் உதவி எண் 1915 இப்போது பலருக்கும் தெரியும்.

தண்ணீர் பாட்டிலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஹோட்டலில் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரி, சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் ஏசி கிடையாது, சட்டை நனைய உட்கார்ந்து சாப்பிடுகிற கடையில் 20 ரூபாய் பாட்டிலுக்கு 30 ரூபாய் வாங்கினால், சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பத்து ரூபாய்தான் மனசில் நிற்கும். டம்ளர் தண்ணீர் வைக்காமல் பாட்டிலை மேஜையில் கொண்டுவந்து நிறுத்துவதும் அப்படித்தான். ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடிகிற வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்தே போகிறவர்கள், வழியில் கடையைப் பார்த்தால் பாட்டிலை நீட்டித் தண்ணீர் கேட்பார்கள். சாப்பிட வராதவருக்கு எதற்கு என்று விரட்டுகிற கடைகளும் இருக்கின்றன. காவிரி பாய்கிற ஊரில் இதைப் பார்ப்பதற்கு வேதனையாக இருக்கிறது.

குறை சொன்னால் என்ன செய்வது? இங்கேதான் நிறையக் கடைகள் சறுக்குகின்றன. சாம்பாரில் முடி கிடக்கிறது என்று ஒருவர் சொன்னதும் வாயில் வரக் கூடாத வாக்கியம், "நம்ம கடையில அப்படியெல்லாம் இருக்காதே". அவரைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி. செய்ய வேண்டியது வேறு. முதலில் "மன்னிச்சுக்கங்க". உடனே இலையோடு எடுத்துவிட்டுப் புது இலை போட்டு, பொரியலிலிருந்து மறுபடி பரிமாற வேண்டும். முடியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு அதே சாம்பாரின் மேல் ரசத்தை ஊற்றச் சொல்வது அவமானப்படுத்துவது. கல்லாவில் இருப்பவர் எழுந்து அந்த மேஜைக்கு வர வேண்டும். வாடிக்கையாளரை அங்கே வரவழைக்கக் கூடாது. அந்தச் சாப்பாட்டுக்குப் பில் போடக் கூடாது. அவர் கொடுத்தே தீருவேன் என்றால் வாங்கிக்கொள்ளலாம்.

காபியும் அப்படித்தான். டிகிரி காபி என்று போர்டு வைத்துவிட்டு, டவராவில் வந்தது ஆறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதையே வாங்கிப்போய்ச் சூடுபண்ணிக் கொடுக்கிறார்கள். மறுபடி சூடு பண்ணிய காபியில் டிகாஷன் கசந்து, மேலே ஆடை படர்ந்திருக்கும். ஒரு வாய் வைத்ததுமே அவருக்குத் தெரிந்துவிடும். புதுசாகக் கலந்து கொடுங்கள். ஒரு தம்ளர் பாலுக்காக ஒரு வாடிக்கையாளரை இழக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு தவறு இருக்கிறது, எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது அதுதான். வாடிக்கையாளர் எதிரிலேயே சப்ளையரைத் திட்டுவது. வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "டேய், அறிவிருக்காடா உனக்கு" என்று கல்லாவிலிருந்து ஒரு சத்தம். கேட்கிற வாடிக்கையாளருக்குத் தர்மசங்கடம். தன்னால் ஒருவர் திட்டு வாங்கினாரே என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோகிறவர்கள் உண்டு. அந்த சப்ளையர் அடுத்த மேஜைக்குப் போகும்போது என்ன முகத்தோடு போவார்? முதலாளி தன்னிடம் எப்படிப் பேசுகிறாரோ அதே தொனிதான் அவர் வாயிலும் வரும். கவனித்துப் பார்த்தால், சப்ளையர் சிடுசிடுக்கிற கடையில் கல்லாவும் சிடுசிடுப்பாகவே இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தையும் பாருங்கள். பந்தி முடிந்து 3.30 மணிக்கு மேல்தான் பல கடைகளில் சப்ளையர்களுக்குச் சாப்பாடு. காலை டிபனுக்கு நின்றவர், வெறும் வயிற்றோடு இருநூறு பேருக்குப் பரிமாறினால் சிரிப்பு எங்கிருந்து வரும்? 11 மணிக்கே அவர்களை உட்காரவைத்துப் போட்டுவிட்டால், 12.30 கூட்டத்தில் வித்தியாசம் தெரியும். உட்கார இடம் கொடுப்பது வெறும் பெருந்தன்மை இல்லை, சட்டம். கடைகள், நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வசதி கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. எத்தனை ஹோட்டலில் சப்ளையருக்கு ஒரு ஸ்டூலாவது இருக்கிறது?

வடமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகள் இன்று தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் பரிமாறுகிறார்கள், மேஜை துடைக்கிறார்கள். தமிழ் தெரியாத ஒருவரை முதல் நாளே ஆர்டர் எடுக்க அனுப்பிவிட்டு, தப்பாகக் கொண்டுவந்தால் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. "என்ன வேணும்", "இருக்கு", "தீந்துபோச்சு", "அஞ்சு நிமிஷம்", "அண்ணன்கிட்ட கேளுங்க" என்று ஐந்தாறு வார்த்தை சொல்லிக்கொடுத்து, கொஞ்ச நாள் சாதமும் தண்ணீரும் மட்டும் பார்க்கவிடலாம்.

சாப்பிட வருகிறவர்களும் சிலதை விட வேண்டும். விரலைச் சொடுக்குவது, "ஏய்" என்று கூப்பிடுவது, பக்கத்தில் வந்து நிற்பவரைப் போனில் பேசியபடி காக்கவைப்பது, தட்டிலேயே கை கழுவுவது. "தம்பி", "அண்ணே" என்று கூப்பிட்டுப் பாருங்கள், கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம் வரும்.

2028-இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது, 2016-க்குப் பிறகு. தற்காலிக ஆட்களை எடுக்காத கடை இருக்காது. முந்தின நாள் ராத்திரி கூப்பிட்டுக் காலையில் வாளியைக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே சம்பளத்தோடு வரவழைத்து மூன்று விஷயம் சொல்லிக்கொடுங்கள்: இன்று என்ன இருக்கிறது, என்ன விலை, குறை சொன்னால் யாரைக் கூப்பிட வேண்டும். அந்த மூன்றாவதற்குக் கடையில் ஒருவரை நியமித்து, அவர் பெயரைச் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். திருவிழா முடிகிறவரை அவர் கடையை விட்டு நகரக் கூடாது.