சீனக் கல்லறைகளில் கிடைத்த சுடுமண் விலங்குகளை எப்படிப் பார்ப்பது, எப்படி அடையாளம் காண்பது

அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு பொம்மையைப் பார்த்தால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்கும் முன்பே அது என்ன விலங்கு என்று கவனியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. பன்றி, கோழி, நாய், கிணறு, தொழுவம் என்று ஒரு பண்ணையே தெரிந்தால் பெரும்பாலும் ஹான் அரச வம்சத்தின் காலம், அதாவது கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை. இறந்தவருக்கு மறுமையிலும் சோறும் வீடுவாசலும் வேண்டுமே என்று கூடவே புதைத்தவை இவை. கி.மு. 141இல் இறந்த ஜிங் பேரரசரின் யாங்லிங் கல்லறைக் குழிகளில் ஆடும் பன்றியும் நாயும் மந்தை மந்தையாக நிற்கின்றன, கண்ணாடித் தரை வழியாக மேலிருந்தே பார்க்கலாம்.

ஆளுயரத்தில் பாதியாவது இருக்கும் குதிரை, ஒட்டகம், அதுவும் பச்சையும் மஞ்சள் பழுப்பும் வெண்மையும் கலந்து வழிந்தபடி என்றால் அது தாங் அரச வம்சத்தின் காலம், கி.பி. 618 முதல் 907க்குள். 755இல் அன் லூஷான் என்ற தளபதி தொடங்கிய கலகத்துக்குப் பிறகு இவை வெகுவாகக் குறைந்துவிட்டன.

அப்புறம் பூச்சு. ஈயம் கலந்த பூச்சு சூளைச் சூட்டில் இளகி ஓடும், அதனால்தான் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குகின்றன. பச்சைக்குச் செம்பு, பழுப்புக்கு இரும்பு, அபூர்வமான நீலத்துக்குக் கோபால்ட். ஹான் காலத்துப் பச்சையில் வெள்ளி மாதிரி ஒரு படலம் மின்னினால் நின்று நிதானமாகப் பாருங்கள், பல நூற்றாண்டுகள் ஈர மண்ணில் கிடந்து வந்த மினுமினுப்பு அது, எனக்குப் புதுப் பளபளப்பைவிட அதுதான் அழகு. குனிந்து வயிற்றுக்கு அடியிலும் பாருங்கள்: பெரிய உருவங்களை அச்சில் பகுதி பகுதியாக அழுத்தி ஒட்டியிருப்பார்கள், உள்ளே வெற்றிடம், அடியில் துளை. கால், காது ஒட்டவைத்த தடம் இருந்தால் குறையாக எண்ண வேண்டாம், மண்ணுக்கடியில் இவ்வளவு காலம் கிடந்தது உடையாமல் வருவதே அரிது.

எந்தக் குதிரையிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லியு டிங்ஷுன் என்ற தளபதியின் கல்லறையைச் சேர்ந்தவையாகச் சொல்லப்படும் உருவங்களைச் சொல்வேன். அவர் இறந்தது 728இல்.

வாங்கும் ஆசை இருந்தால் தெர்மோலூமினசென்ஸ் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று அது சொல்லும், ஆனால் துளைத்து மண் எடுத்த இடத்துக்கு மட்டும்தான், பழைய துண்டைப் புது உடலில் பொருத்தி ஏமாற்றுபவர்கள் உண்டு. அதைவிட முக்கியம், பொருள் சீனாவிலிருந்து எப்போது, எப்படி வெளியே வந்தது என்பதற்கான காகிதம். அது இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள், கல்லறையைத் தோண்டித் திருடுபவர்களுக்குப் போகும் காசு அது.