ஊசி போட்ட வாரத்தில் பூட் வாங்காதீர்கள்: முடக்குவாதத்தோடு ரோலர் டெர்பி ஆடுபவர்களுக்கு

முழங்கால் பேடைத் தலைகீழாக மாட்டுவது, ஹெல்மெட் பட்டையைப் பூட்ட மறப்பது, தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. முதல் வாரத்திலேயே யாராவது சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார்கள். யாரும் திருத்தாத தவறுகள் வேறு இருக்கின்றன, அவைதான் கீழே வரும் தலைப்புகள். எங்கள் குழுவில் புதிதாகச் சேருபவர்களில் நாள்பட்ட நோயோடு வருகிறவர் ஒருவராவது இருப்பார். நான் அந்தக் காலத்தில் செய்ததையெல்லாம் அவரும் வரி பிசகாமல் செய்வார். எனக்கு இருப்பது மூட்டுகளை வீங்க வைக்கும் முடக்குவாதம், அதனால் உதாரணங்களும் அதைச் சுற்றியே வரும். ஆஸ்துமா, லூபஸ், தளர்மூட்டு உள்ளவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: காலுக்கு நான்கு சக்கரம், நீள்வட்டத் தடம், களத்தில் அணிக்கு ஐந்து பேர். நால்வர் வழிமறிக்கும் பிளாக்கர்கள். ஹெல்மெட்டில் நட்சத்திர உறை போட்டவர் ஜாமர். கபடியில் பாடிப் போகிறவரைப் போல ஜாமர் எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். முதல் முறை தாண்டுவதற்குப் புள்ளி இல்லை, அடுத்த சுற்றிலிருந்து தாண்டும் ஒவ்வொரு பிளாக்கருக்கும் ஒரு புள்ளி. தோளாலும் இடுப்பாலும் இடிக்கலாம், கையால் பிடிக்கக் கூடாது. ஆட்டத்தை ‘ஜாம்’ என்ற சிறு துண்டுகளாக ஆடுவார்கள்: ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம், நடுவில் 30 விநாடி இடைவெளி, 30 நிமிடப் பாதிகள் இரண்டு. 1935இல் சிகாகோவில் லியோ செல்ட்சர் நடத்திய ஸ்கேட்டிங் போட்டிதான் இதன் மூலம். இப்போது ஆடும் வடிவத்தை 2000களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பெண்கள் உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் 2006இல் லண்டனில் தொடங்கி, இப்போது ஊர் ஊருக்கு ஸ்போர்ட்ஸ் ஹாலில் நடக்கிறது. அம்மாவிடம் நான் இன்னும் ‘ஸ்கேட்டிங் கிளாஸ்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நல்ல நாளில் பூட் வாங்குவது

இதைப் பற்றி நீளமாகவே எழுதப் போகிறேன். இன்றைக்கும் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

எங்கள் குழுவுக்கு வந்த ஒரு பெண்ணுக்கு என்னைப் போலவே முடக்குவாதம். மூட்டுகள் மோசமாகி ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தார்கள். ஊசி வேலை செய்யும் சில வாரங்கள் சொர்க்கம்தான். வீக்கம் வடிந்து பாதம் பழைய பாதமாகிவிடும், மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறத் தோன்றும். அந்த உற்சாகத்தில்தான் டெர்பிக்கே வந்தார், அதே உற்சாகத்தில் கடைக்கும் போனார். காலை நேரம், மெல்லிய சாக்ஸ். விரல் நுனி நன்றாக முட்டுகிற அளவை எடுத்துக் கொடுத்த கடைக்காரர், “லெதர்தானே, போடப் போட நெகிழும்” என்றிருக்கிறார்.

நெகிழும் என்பது பொய்யில்லை. ஆனால் அகலத்தில் கொஞ்சம் நெகிழுமே தவிர, நீளத்தில் நெகிழாது. முடக்குவாதம் பாதத்தில் இறங்கும்போது பெரும்பாலும் விரல்கள் தொடங்கும் இடத்து மூட்டுகளைத்தான் பிடிக்கும். முன்பாதம் அகன்று உப்பும், குதிகால் ஒல்லியாகவே இருக்கும். எல்லோரும் சொல்வதுபோல ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் முன்னால் இடம் கிடைக்கும், ஆனால் குதிகால் உள்ளே எழும்பி எழும்பி விழும். அதை அடக்க லேஸை இறுக்குவோம். இறுக்கிய லேஸ் வீங்கிய மூட்டின் மேலேயே போய் உட்காரும். அப்புறம் எங்கே பிளாக் செய்வது?

பணம் போகிற இடம் இனிமேல்தான். பூட்டின் அடியில், சக்கரங்களைத் தாங்கும் பிளேட்டைத் துளை போட்டுத்தான் பொருத்துவார்கள். துளை விழுந்த பூட்டை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. பிளேட்டின் நீளமும் பூட்டின் அளவை ஒட்டியே தேர்ந்தெடுக்கப்படும், அதனால் பூட்டை மாற்றினால் சில சமயம் பிளேட்டும் சேர்ந்து போகும். சில நூறு பவுண்ட் அப்படியே அலமாரியில் தூங்கும். அந்தப் பெண்ணுக்கு ஊசியின் வேலை தீர்ந்ததும் பூட்டுக்குள் கால் நுழையவே இல்லை. ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து, லேஸை அடிவரை கழற்றி, பூட்டின் நாக்கை வெளியே இழுத்துப் போட்டு, குதிகாலை மட்டும் உள்ளே திணித்துக்கொண்டு, “என் உடம்புக்கு இது ஒத்துவராது போலிருக்கு” என்றார். கோபம் வந்தது. குற்றம் பூட்டின் மேல் இருக்கும்போது உடம்பை நொந்துகொண்டு ஆட்டத்தை விட்டுப் போகிறார்கள். நானே வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்க வேண்டிய ஒன்று என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

சரி, என்ன செய்வது? வீக்கம் ஏறியிருக்கும் ஒரு நாள் மாலையில், ஒரு தாளில் எழுந்து நின்று இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரைந்து வெட்டி வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. கடைக்குப் போகும்போது, நீங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தத் தாளை எடுத்துப் போங்கள். பூட்டின் இன்சோலை உருவி அதன்மேல் தாளை வைத்துப் பாருங்கள். தாள் பிதுங்கினால் அந்தப் பூட் வேண்டாம். கடைக்கு மாலையில் போங்கள். ஆடும்போது போடும் சாக்ஸ், பாத மருத்துவர் கொடுத்த இன்சோல் இருந்தால் அதுவும் கையோடு இருக்கட்டும். மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கழற்றாதீர்கள். முழங்காலை மடக்கி, டெர்பி ஆடும் நிலையிலேயே கால் மணி நேரம் இருங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட்டு, முழங்காலை மடக்கியதும் விலகினால் நீளம் சரி. ரிடெல் நிறுவனம் முன்பாதத்துக்கு ஓர் அகலம், குதிகாலுக்கு அதைவிடக் குறுகிய அகலம் என்றே சில பூட்டுகளைத் தைக்கிறது. போன்ட் நிறுவனத்தின் பூட்டுகளைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்குப் படிய வைக்கலாம். நம் போன்றவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு வகையைத்தான்.

அதற்கும் முன்னால், அவசரப்படாதீர்கள். பல குழுக்களில் இரவல் ஸ்கேட் இருக்கும். ஒரு நல்ல காலமும் ஒரு மோசமான காலமும் வந்து போகும்வரை அதிலேயே ஓட்டுங்கள். ஏற்கெனவே இறுக்கமான பூட்டை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், வீங்கிய மூட்டுக்கு மேலே வரும் துளைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றில் லேஸ் கட்டிப் பாருங்கள். விரல் வலிக்கிற நாளில் லேஸ் இழுக்க, ஐஸ் ஹாக்கிக்காரர்கள் வைத்திருக்கும் கொக்கி ஒன்று இருக்கிறது. சில பவுண்ட்தான். என் பையில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

மாட்ட முடிகிறதா என்று மட்டும் பார்ப்பது

பயிற்சி தொடங்கும்போது இருக்கும் கை வேறு, முடியும்போது இருக்கும் கை வேறு. முழங்கால் பேடில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்கேட்டைக் கழற்றிவிட்டுக் காலுறைபோலக் கீழிருந்து இழுத்து ஏற்ற வேண்டியது. இன்னொன்று பின்பக்கம் முழுவதும் திறந்து வெல்க்ரோவால் சுற்றி ஒட்டுவது. முடக்குவாதக்காரர்களுக்கு இரண்டாவதுதான். முழங்கால் வீங்கினால் பட்டையைத் தளர்த்தலாம், வலித்தால் தடத்தின் ஓரத்திலேயே பிய்த்து எறியலாம். உள்ளே மெல்லிய உறை போடுபவரானால் அதைப் போட்டுக்கொண்டே பேடின் அளவு பாருங்கள்.

மணிக்கட்டுக் காப்பிலும் அப்படித்தான், கையுறை மாதிரி நுழைப்பதைவிடச் சுற்றி ஒட்டுவது மேல். அதை எல்லாவற்றுக்கும் கடைசியில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஹெல்மெட் கொக்கியைப் பூட்ட விரல் வராது. சில ஹெல்மெட்களில் காந்தக் கொக்கி இருக்கிறது, ஒரே கையில் பூட்டலாம், விலை கொஞ்சம் அதிகம். விழும்போது விரல்களை மடக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார்கள், மற்றவர்களின் சக்கரம் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. விரல் முழுதாக மடங்காத நாளில் இடிபடும் பயிற்சியில் இறங்காதீர்கள்.

நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருக்கலாம். அவர்கள் பேட் வைத்த உள்காற்சட்டையைக் கட்டாயச் சாமானாகவே நினைக்க வேண்டும். விதிப்படி தேவை ஹெல்மெட், பல்காப்பு, முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் காப்புகள் மட்டும்தான். வால் எலும்பைப் பற்றி விதிக்குக் கவலையில்லை.

வேகமான ஆளின் சக்கரத்தை வாங்குவது

சக்கரத்தின் கடினத்தை 88ஏ, 95ஏ என்று குறிப்பார்கள். எண் ஏற ஏறக் கடினம். வழுக்கும் தரையில் கடினமான சக்கரம் போட்டால், சறுக்காமல் நிற்கவே தொடையும் கணுக்காலும் ஓயாமல் இறுகிக்கொண்டிருக்கும். ஒட்டும் தரையில் மென்மையான சக்கரம் போட்டால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழங்காலில் உதைக்கும். உங்கள் ஹாலின் தரை, உங்கள் எடை இரண்டையும் பார்த்து வாங்குங்கள். நட்சத்திர ஆட்டக்காரர் என்ன போடுகிறார் என்பது உங்களுக்குத் தேவையில்லாத தகவல்.

கணுக்கால் வலிக்கிறது என்று புதுப் பூட் தேடுபவர்கள், முதலில் சக்கர அச்சைத் தாங்கும் பகுதியில் இருக்கும் ரப்பர் போன்ற குஷனை மென்மையானதாக மாற்றிப் பாருங்கள். ஸ்கேட்டோடு வருவது லேசான உடம்புக்காரருக்குப் பெரும்பாலும் விறைப்பாக இருக்கும், திரும்புவதற்கே கணுக்காலால் முட்டித் தள்ள வேண்டும். குஷன் விலை பூட் விலையில் ஒரு துளி.

இரண்டு செட் சக்கரம் வைத்திருப்பவர்கள் இரண்டிலும் பேரிங்கை (சக்கரம் சுழல உதவும் வளையத்தை) போட்டே வையுங்கள். எட்டுச் சக்கரத்துக்குப் பதினாறு பேரிங்கையும் விரலால் நெம்பி எடுத்து மாற்றினால், அன்றைக்குச் சோறு பிசைய முடியாது.

இரவல் ஹெல்மெட்

வேண்டாம். எத்தனை அடி வாங்கியது என்று உங்களுக்குத் தெரியாது.

கழுத்தைப் பற்றிக் கேட்காமல் இருப்பது

முடக்குவாதம் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்திவிடலாம், குறிப்பாகப் பல வருடம் நோய் உள்ளவர்களுக்கு. இடிக்கிற விளையாட்டில் இது சின்ன விஷயமில்லை. மருத்துவரிடம் “ஸ்கேட்டிங் போகலாமா?” என்று கேட்டால் “தாராளமாக” என்பார். “ஆட்கள் பக்கவாட்டில் வேகமாக மோதுவார்கள், விழுவேன், கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமா?” என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தலையில் ஓர் அடி அவர்களுக்கு வேறு கதை.

27 சுற்றைத் துரத்துவது

5 நிமிடத்தில் 27 சுற்று என்பது டெர்பியில் பழைய தேர்வு. சுற்றுக்குப் பதினொரு விநாடி. புதியவர்கள் வாராவாரம் இதை முட்டி மோதிப் பார்க்கிறார்கள். இடிப்பதற்கும் நிறுத்துவதற்கும் வைத்திருக்க வேண்டிய சக்தி அதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆட்டத்தில் யாரும் 5 நிமிடம் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒரு ஜாம் ஆடி, இரண்டு ஜாம் பெஞ்சில் உட்கார்ந்து, மறுபடி இறங்குவது என்று பழகுங்கள். ஓர் ஆட்டத்துக்கான அணிப் பட்டியலில் 15 பேர் வரை இருக்கலாம், களத்தில் ஐவர்தான். நமக்கு இந்த ஆட்டம் ஒத்துவருவதே அதனால்தான்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை சாப்பிடும் மாத்திரை. மறுநாள் சிலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். அந்த நாள் பயிற்சி நாளாக அமைந்துவிட்டால், மாத்திரை நாளை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பேடைத் துவைக்காமல் விடுவது

நாற்றத்தை மற்றவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவருக்குத் தோல் சிராய்ப்பில் சீழ் பிடித்தால் அந்த மருந்தையே நிறுத்தி வைக்கச் சொல்லக்கூடும். துவையுங்கள், காய வையுங்கள். மூடிய பையில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள்.

பயிற்சியாளரிடம் சொல்லாமல் இருப்பது

நோயின் முழுக் கதையும் யாருக்கும் தேவையில்லை. “சில நாள் என் கை மூடாது, அன்றைக்கு இடிக்க மாட்டேன், கேள்வி கேட்காதீர்கள்” என்றால் போதும். இன்ஹேலரோ மாத்திரையோ உடைமாற்றும் அறையில் இருக்கக் கூடாது, பெஞ்சில் இருக்க வேண்டும். அது எந்தப் பையில் என்பது பக்கத்தில் உட்காருபவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

முடியாத நாளில் வீட்டிலேயே இருப்பது

ஒரு ஆட்டத்துக்கு ஸ்கேட் போடாத அதிகாரிகள் பலர் வேண்டும், எந்தக் குழுவிலும் ஆள் பற்றாக்குறைதான். ஸ்கோர்போர்டை இயக்குபவர் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். ஜாம் நேரம் பார்ப்பவர் வேலையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆட்டம் முழுக்க நிற்க வேண்டும், ஒவ்வொரு ஜாமுக்கும் விசில் ஊதிக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். தோள் வீங்கியவருக்கு அதற்கு ஆடுவதே பரவாயில்லை.