பழைய மேனுவல் லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் மாட்டுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஃபிலிம் காலத்தில் ஸ்டூடியோ நடத்தியவர்கள் வீட்டுப் பரணில் தேடினால் ஒரு ஜெனிட்டோ யாஷிகாவோ கிடைக்க வாய்ப்புண்டு. கேமரா ஓடாமல் போயிருக்கும், லென்ஸ் நன்றாகவே இருக்கும். அதை இன்றைய கேமராவில் மாட்ட ஒரு உலோக வளையம், அதாவது அடாப்டர், போதும். எந்த வளையம் என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு அளவு. அதைப் புரிந்துகொண்டபின் காசைக் கையில் எடுங்கள்.

அந்த அளவு

லென்ஸ் வந்து உட்காரும் மவுண்ட் முகத்துக்கும் சென்சாருக்கும் (அன்று ஃபிலிமுக்கும்) இடையே உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் நிலையானது. ஜெனிட்டின் ஹீலியோஸ், பழைய டக்குமார், பென்டகான் ஆகியவை எம்42 மரை உள்ளவை: 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி, தூரம் 45.46 மி.மீ. பென்டாக்ஸ் கே மவுண்டுக்கும் அதே 45.46தான். யாஷிகா எஃப்எக்ஸ்-3 வகைக்கு 45.5, நிக்கான் எஃப்-க்கு 46.5, மினோல்டா எம்டி-க்கு 43.5, கேனான் எஃப்டி-க்கு 42.

இனி டிஜிட்டல் பக்கம். சோனி இ 18, ஃபியூஜி எக்ஸ் 17.7, கேனான் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16 மி.மீ. கண்ணாடி (மிரர்) இல்லாததால் இந்தத் தூரம் குறைந்துவிட்டது. கழித்துப் பார்த்தால் அடாப்டரின் தடிமன் வந்துவிடும். எம்42 லென்ஸை சோனி இ-யில் மாட்ட 45.46 − 18 = 27.46 மி.மீ.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கேனான் இஎஃப்-க்கு 44 மி.மீ., எனவே எம்42-க்கு 1.46 மி.மீ. வளையம் போதும், தூரக் காட்சியும் தெளிவாக விழும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் 46.5 என்பதால் கணக்கு எதிர்மறையாகிறது. லென்ஸ் தேவைக்கு மேல் 1.04 மி.மீ. முன்னால் நிற்கும், வளையத்தின் தடிமன் அதற்கு மேல். 50 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக விழாது. நடுவே சிறு லென்ஸ் வைத்த அடாப்டர் இதைச் சரிசெய்யும், ஆனால் படத்தின் கூர்மை குறையும். அந்தப் பாடிக்கு நிக்கான் லென்ஸ்தான் பொருத்தம். நிக்கானின் பழைய ‘ஏஐ’ வகை மேனுவல் லென்ஸ் நேரடியாகவே ஏறும். டி3500, டி5600 போன்ற பாடிகளில் எம் (மேனுவல்) மோடில் மட்டுமே எடுக்க முடியும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது.

லென்ஸைச் சோதிப்பது

அப்பர்ச்சரை (வெளிச்சம் புகும் துளையை) முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைக் காட்டி, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ். ஓரத்தில் இரண்டொரு இழை படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் எதிர்வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும். சில புள்ளி தூசி ஒன்றும் செய்யாது, அதைக் காட்டி யாராவது விலையைக் குறைத்தால் லாபம் உங்களுக்கு. அடுத்து அப்பர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, ஃபோகஸ் வளையம் கடைசிவரை சுற்றுகிறதா என்று பாருங்கள்.

அடாப்டர் வந்ததும்

எம்42 லென்ஸ்கள் பலவற்றின் பின்னால் ஒரு சிறிய பின் நீட்டிக்கொண்டிருக்கும். அதை உள்ளே அழுத்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். ஆகவே உள்விளிம்பு உள்ள அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். லென்ஸில் ஏ/எம் சுவிட்ச் இருந்தால் எம்-இல் வைத்துவிட்டால் போதும், விளிம்பு தேவையில்லை. ஹீலியோஸ் 44-2க்கு இந்தப் பின்னே கிடையாது. கேனான் எஃப்டி-க்கு வேறு விதி: அப்பர்ச்சர் லீவரைப் பிடிக்கும் பூட்டு வளையம் அடாப்டரிலேயே இருக்க வேண்டும்.

புதிய அடாப்டரை அப்படியே மாட்டாதீர்கள். மரையில் லேத் சீவல் ஒட்டியிருக்கும், அது சென்சாரில் விழும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பழைய டூத்பிரஷால் மரையைத் தேய்த்து, உலரவிட்டு, புளோயரால் ஊதுங்கள். உள்சுவர் பளபளவென்று இருந்தால் மேட் கறுப்புப் பெயிண்ட் ஒரு கோட்டு அடியுங்கள். இல்லையென்றால் வெளிச்சம் சுவரில் பட்டு சென்சாரில் சிதறி, படம் புகைமூட்டமாகத் தெரியும். லென்ஸ்தான் மோசம் என்று தூக்கிப் போடுகிறவர்கள் பலர் உண்மையில் இந்தச் சுவரால்தான் ஏமாந்திருப்பார்கள்.

மாட்டுவது

முதலில் லென்ஸையும் அடாப்டரையும் சேர்த்துவிட்டு, பிறகு பாடியில் ஏற்றுங்கள். எம்42 மரையை விரல் பலத்தில் மட்டும் வலஞ்சுழியாகத் திருகுங்கள். இறுக்கினால் கழற்றும்போது அடாப்டர் லென்ஸோடு சேர்ந்து சுற்றும். முழுதாகத் திருகியபின் எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால் பயப்பட வேண்டாம். சில அடாப்டர்களின் பக்கத்தில் மூன்று குட்டி ஸ்க்ரூக்கள் இருக்கும். வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரால் தளர்த்தி, உள்வளையத்தைச் சுற்றி, மறுபடி முடுக்கினால் நேராகிவிடும்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது, அதனால் ஷட்டர் விழாது. சோனியில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’, ஃபியூஜியில் ‘ஷூட் வித்அவுட் லென்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். ஏ மோடில் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் பீக்கிங்கை (தெளிவான விளிம்புகளில் நிறக்கோடு காட்டும் வசதி) ஆன் செய்து, பெரிதாக்கிக் காட்டும் வசதியை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளுங்கள். பாடியில் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி) இருந்தால் லென்ஸில் எழுதியுள்ள மி.மீ. எண்ணையே கொடுக்க வேண்டும். 58 மி.மீ. லென்ஸ், ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 87 மி.மீ. பார்வையைத் தரும், ஆனாலும் கொடுக்க வேண்டியது 58. 87 கொடுத்தால் படம் அதிகமாகவே ஆடும்.

ஃபோகஸை அப்பர்ச்சரை எஃப்2-இல் திறந்து செய்து, பிறகு எஃப்4-க்கு மூடுவது நல்ல பழக்கம் (எண் கூடினால் துளை சிறிதாகும்). ஹீலியோஸ் 44-2இல் இதற்கென்றே இரண்டு வளையங்கள் உண்டு: ஒன்றில் 4-ஐக் குறித்துவிட்டால், மற்றதைக் கண் எடுக்காமலே அந்த இடம்வரை சுற்றலாம். ஒன்றரை மீட்டரில் எஃப்2-இல் தெளிவு விழும் ஆழம் மொத்தம் 5 செ.மீ. அளவுதான். பீக்கிங் கோட்டை மட்டும் நம்பினால் கண் போய் காது தெளிவாகும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தே எடுங்கள்.

தூரக் காட்சி சோதனை

இதைத் தவிர்க்காதீர்கள். டிரைபாடில் கேமராவை வைத்து, ஓரிரு கிலோமீட்டர் தள்ளி நின்று கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மதிலையோ, தருமபுரிப் பக்கம் என்றால் வத்தல்மலை முகட்டு மரங்களையோ பாருங்கள். காலை எட்டு மணிக்குள் செய்யுங்கள், மதியத்தில் கானல் எல்லாவற்றையும் நெளியவைக்கும். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கட்டும், படத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் வளையத்தை மெதுவாகச் சுற்றுங்கள்.

கடைசிவரை சுற்றியும் மதில் தெளியவில்லை என்றால் அடாப்டர் தடிமன் அதிகம். 0.1 மி.மீ. கூடினாலே 58 மி.மீ. லென்ஸ் சுமார் 33 மீட்டரோடு நின்றுவிடும். உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம் என்பார்கள். கைத்தேய்ப்பில் முகம் சாய்ந்து படத்தின் ஒரு பக்கம் மங்கிப்போகும். திருப்பி அனுப்பிவிடுங்கள். அனுப்ப முடியாவிட்டால் ஓசூரில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. மைக்ரோமீட்டரில் அளந்து, லேத்தில் சீவச் சொல்லுங்கள்.

முடிவிலிக் குறிக்கு (∞) முன்பே, 10 மீட்டர் எண்ணிலேயே மலை தெளிந்தால் அடாப்டர் மெல்லியது. வெப்பத்தில் உலோகம் விரிவதற்கும் உற்பத்தி வித்தியாசத்துக்கும் இடம்விட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்துத்தான் செய்கிறார்கள். படம் கெடாது, லென்ஸில் உள்ள தூர எண்கள் மட்டும் பொய்யாகும். புதிதாகத் தொடங்குபவர்கள் இதை அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் என் கருத்து.

சரிசெய்தே ஆக வேண்டும் என்றால் கணக்கு எளிது: லென்ஸின் மி.மீ. எண்ணை அதனாலேயே பெருக்கி, மலை தெளிந்தபோது வளையம் காட்டிய தூரத்தால் (மி.மீ.-இல்) வகுங்கள். 58 × 58 ÷ 10,000 = 0.34 மி.மீ. குறைவு. குளிர்பான அலுமினிய டின்னின் பக்கத்தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும். அதில் வளையத் துண்டுகள் வெட்டி, அடாப்டரின் மவுண்ட் தகட்டை ஸ்க்ரூ கழற்றி எடுத்து, அடியில் மூன்று அடுக்கு வையுங்கள். எல்லா ஸ்க்ரூவுக்கும் கீழே ஒரே தடிமன் இருக்க வேண்டும். மீதமுள்ள 0.04 வெயிலுக்கு விட்டுவைத்த இடம்.

வெயில், தூசி, சாரல்

பழைய லென்ஸ் கோட்டிங் எதிர்வெயிலைத் தாங்காது, ஹூட் (முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) கட்டாயம். ஹீலியோஸ் 44-2க்கு 49 மி.மீ. மரை ஹூட். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் லென்ஸை வைத்தால் ஃபோகஸ் கிரீஸ் இளகிப் பிளேடுகளில் இறங்கும். கிரானைட் லாரி ஓடும் சாலையோரத்தில் லென்ஸ் மாற்ற நேர்ந்தால், கேமராவை அணைத்து, பாடியின் வாய் கீழ்நோக்கி இருக்க மாற்றுங்கள். ஒகேனக்கல்லில் அருவிக்குப் பக்கத்தில் போகிறீர்கள் என்றால், பழைய லென்ஸிலும் அடாப்டரிலும் ரப்பர் சீல் கிடையாது. பாலித்தீன் பையில் லென்ஸின் முகம் மட்டும் வெளியே தெரிய ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். வீடு திரும்பியதும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள்.