திண்டிவனம் பக்கமிருந்து நெல்லூர் போகிறீர்களா? தாம்பரத்துக்குள் நுழையாதீர்கள்

ஜி.எஸ்.டி. சாலையில் வந்து செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, நெல்லூர் என்று போகிறவர்கள் பெருங்களத்தூரிலேயே சென்னை பைபாஸில் ஏறிவிடுங்கள். போரூர், மதுரவாயல், அம்பத்தூர் வழியாகப் புழல் வரை சுமார் 32 கிலோமீட்டர். பெங்களூரு, திருவள்ளூர், கொல்கத்தா சாலைகள் மூன்றையும் அது தொடுகிறது. நடுவில் சிக்னலே கிடையாது. கத்திப்பாராவிலும் கோயம்பேட்டிலும் கிளட்சை மிதித்து மிதித்து எரிக்கும் டீசல் அப்படியே மிச்சம். டோல் உண்டு, ஃபாஸ்டேகில் பணம் இருக்கட்டும்.

மீஞ்சூர் பக்கம் போவதென்றால் இன்னும் முன்னாலேயே, வண்டலூரில் வெளிவட்டச் சாலைக்குத் திரும்புவதுதான் நல்லது. விமான நிலையம், கிண்டி, தி.நகர் போகிறவர்களுக்கு இரண்டுமே சுற்றுவழி.