அரசு பள்ளிக்கு ஒரு மனநல கவுன்சிலர் போஸ்ட் கேட்டு வாங்குறது எப்படி

கவர்மென்ட் ஸ்கூல் பலதுல போய் "இங்க கவுன்சிலர் இருக்காங்களா"ன்னு கேட்டீங்கன்னா, "ஆமா, சயின்ஸ் டீச்சர்தான் அதையும் பாத்துக்கிறாங்க"ன்னு சொல்வாங்க. அந்த டீச்சர் மேல தப்பே கிடையாது, க்ளாஸும் எடுத்து எமிஸ்லயும் (அரசோட பள்ளி விவர வெப்சைட்) தகவல் ஏத்திட்டு அதுக்கு நடுவுல மனசு விட்டு செய்றாங்க. ஆனா பேசணும்னு வர்ற புள்ளைய ஸ்டாஃப் ரூம்ல, மத்தவங்க நோட்டு திருத்திட்டு இருக்குற பெஞ்சு ஓரத்துலதான் உக்கார வைக்க முடியுது. அப்பா தினம் குடிச்சிட்டு அடிக்கிறாருன்னு எந்தப் புள்ள அங்க வாய் தெறக்கும்? எஸ்எம்சில, அதாவது பள்ளி மேலாண்மைக் குழுவுல, இருக்குற அப்பா அம்மா எல்லாரும் இத கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல சட்டத்துல எங்க ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைல ஒரு பள்ளிக்கு என்னென்ன ஆள் வேணும்னு இருக்கு. 6 முதல் 8 வரைக்கும் 100 புள்ளைங்களுக்கு மேல இருந்தா முழுநேர ஹெட்மாஸ்டர், அப்புறம் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு பகுதிநேர ஆசிரியர்னு போட்டிருக்கு, கவுன்சிலர்ங்கிற பேச்சே அதுல இல்ல. அட்டவணைல இல்லாத ஆளுக்கு பட்ஜெட்ல காசும் ஒதுக்க மாட்டாங்க, பிரச்சனையே இங்கதான்.

இப்ப நம்ம கைல இருக்குற பெரிய பிடி 2025 ஜூலை 25 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் குடுத்த சுக்தேப் சாஹா தீர்ப்பு. விசாகப்பட்டினத்துல நீட்டுக்கு படிச்சிட்டு இருந்த ஒரு 17 வயசு பொண்ணு இறந்துபோன வழக்கு அது. 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற கல்வி நிறுவனம் எதுவா இருந்தாலும் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரோ சைக்காலஜிஸ்டோ சோஷியல் வொர்க்கரோ நியமிக்கணும், 100-க்கு கீழ இருந்தா வெளியில இருக்குற நிபுணர்களோட முறையா தொடர்பு வச்சுக்கணும், தனிச் சட்டம் வர்ற வரைக்கும் இது கட்டுப்படுத்தும்னு அதுல இருக்கு. கூடவே 2017 மனநலச் சட்டம் 31-வது பிரிவு, மக்கள்தொகைக்கு ஏத்த எண்ணிக்கைல மனநல ஊழியர்கள் கிடைக்க சட்டம் அமலான 10 வருஷத்துக்குள்ள அரசு முயற்சி எடுக்கணும்னு சொல்லுது, அமலானது 2018 மே, அப்ப 2028-ல கெடு முடியுது. இந்த ரெண்டையும் அரசுக்கு அனுப்பப்போற மனுவுல கண்டிப்பா எழுதுங்க.

மனுவுக்கு முன்னாடி ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம்) போட்டுடுங்க, வெள்ளைத்தாள், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், சிஇஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலர் பேருக்கு ஸ்பீட் போஸ்ட். "மனநலத்துக்கு என்ன செஞ்சீங்க"ன்னு பொதுவா கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். நம்ம மாவட்டத்து அரசு பள்ளிகள்ல கவுன்சிலருக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தன, நிரப்புனது எத்தன, சம்பளம் எந்தத் தலைப்புல போகுது, தீர்ப்புக்கு அப்புறம் வந்த சுற்றறிக்கை நகல், இப்படி ஒண்ணொண்ணா கேளுங்க. 30 நாள்ல பதில் வரலன்னா மேல்முறையீடு. "பணியிடம் இல்லை"ன்னு பதில் வந்தா அதுதான் நமக்கு ஆதாரம், பத்திரமா வைங்க.

அடுத்தது எஸ்எம்சி தீர்மானம், இத நெறைய பேர் சடங்கா கையெழுத்து போட்டுட்டு போயிடுறாங்க, மனசு வலிக்குது. கல்வி உரிமைச் சட்டம் 22-வது பிரிவுப்படி எஸ்எம்சி போடுற பள்ளி மேம்பாட்டுத் திட்டம்தான் அரசு தர்ற நிதிக்கே அடிப்படை. தீர்மானத்துல இப்படி எழுதச் சொல்லுங்க: "எங்கள் பள்ளிக்கு காலமுறை ஊதியத்தில் மனநல ஆலோசகர் பணியிடம் ஒன்று தோற்றுவிக்கவும், மாணவர்கள் பேசுவதற்குக் கதவுள்ள தனி அறை ஒன்று ஒதுக்கவும் வேண்டும்." அந்த 'காலமுறை ஊதியம்', அதாவது நிரந்தர ஊழியருக்கான சம்பள விகிதம், விட்டுப்போகவே கூடாது. 2012-ல 16,549 பகுதிநேர ஆசிரியர்கள 5,000 ரூபா சம்பளத்துல எடுத்தாங்க, அவங்க பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கா ரோட்டுல உக்காந்தாங்க. கவுன்சிலரும் அப்படி வந்தா வேற வேலை கிடைச்சதும் போயிடுவாங்க, அவங்கள நம்பி வாயத் தெறந்த புள்ள மறுபடி யார்கிட்ட முதல்ல இருந்து சொல்லும்? மத்தியத் திட்டத்துல போடுறோம்னாலும் ஒத்துக்காதீங்க, சமக்ர சிக்ஷா பணம் தமிழ்நாட்டுக்கு 2,000 கோடிக்கு மேல நின்னுபோனத பாத்தோமே, சம்பளம் மாநில பட்ஜெட்ல இருந்து வரணும்.

தீர்மானம், ஆர்டிஐ பதில் ரெண்டையும் எடுத்துட்டு எம்எல்ஏகிட்ட நேர்ல போங்க, பக்கத்து ஊர் பள்ளி எஸ்எம்சிகளையும் சேத்துக்கிட்டா நல்லது. "தனிநபர் மசோதா (எம்எல்ஏ தன் பேர்லயே கொண்டு வர்ற மசோதா) கொண்டு வாங்க"ன்னு மட்டும் கேட்டா அது நகராது, ஏன்னா அரசு கஜானால இருந்து செலவாகுற மசோதாவ கவர்னர் பரிந்துரை இல்லாம நிறைவேத்த முடியாது, அரசியல் சட்டம் 207-வது பிரிவு. அதுக்கு பதிலா பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்கு சட்டசபைல அனுமதி கேக்குறது), எண் 43, விவாதத்துக்கு வர்றப்ப பேசச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடியே கேள்வி நேரத்துக்கு ஒரு கேள்வியும் குடுக்கச் சொல்லுங்க. பட்ஜெட் வேலை பல மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிடும், அதனால பள்ளிக் கல்வித்துறை செயலருக்கும் நிதித்துறைக்கும் மனுவ அக்டோபர், நவம்பர்லயே அனுப்பிடுங்க, மார்ச்ல அனுப்புனா அடுத்த வருஷக் கணக்குதான்.

இதெல்லாம் நடக்க நாள் ஆகும், இப்பவே தவிச்சிட்டு இருக்குற புள்ளைக்கு 14416 டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது, அடி, பாலியல் தொல்லைன்னா குழந்தைகள் உதவி எண் 1098. ரெண்டு நம்பரையும் கழிவறை கதவு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்க, நோட்டீஸ் போர்டு முன்னாடி நின்னு எழுதிக்க எந்தப் புள்ளைக்கும் தயக்கமாத்தான் இருக்கும்.

மனுவுக்கு பதிலே வரலன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் வக்கீல் இலவசம், அதனால அம்மாக்கள் யாராவது ஒருத்தர் பேர்ல போடுங்க, தீர்மான நகல், ஆர்டிஐ பதில், தபால் ரசீது மூணையும் தேதி வாரியா ஒரே ஃபைல்ல வச்சு எடுத்துட்டுப் போங்க.